இப்போதைக்குக் கல்

பௌர்ணமிக்கு மறுநாள் காலையில் எங்கள் ஊர் மருந்துக்கடைக்காரன் எவனிடமும் பேச்சுக் கொடுக்கக் கூடாது. இரவெல்லாம் மலையைச் சுற்றி நடந்த கால்கள் அத்தனையும் விடிந்ததும் எங்கள் கடை வாசலில்தான் வந்து நிற்கும். வலித்தைலம், முழங்கால் பட்டை, கொப்புளத்துக்குக் களிம்பு என்று எடுத்துக் கொடுத்தே எங்கள் தோள் கழன்றிருக்கும். செங்கம் சாலையில் ஆசிரமத்துப் பக்கம் கடை வைத்திருக்கும் எனக்கு, அன்றைக்கு மாமனாரே வந்தாலும் முகத்தில் சிரிப்பு வராது.

அப்படியொரு காலையில்தான் அந்த அம்மாள் முதன்முதலாக என் கடைக்கு வந்தார். அறுபதைத் தாண்டிய வயது. வெளுத்த காட்டன் புடவை, அதன்மேல் ஆண்கள் போடும் முழுக்கைச் சட்டை, காலில் கான்வாஸ் ஷூ. மாவுக்கட்டுப் போடும் துணி பெரிய அகலத்தில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிற ரோல் எல்லாவற்றையும் கொடுங்கள் என்றார். சாதாரணமாக எலும்பு டாக்டர் சீட்டோடு வந்து ஒன்றோ இரண்டோ வாங்கிப் போவார்கள். இவர் கேட்டதைப் பார்த்தால் பஸ்ஸே கவிழ்ந்தது போலிருந்தது. யாருக்கு அடிபட்டது என்று விசாரித்தேன்.

“அடிபட்டவரு செத்துட்டாருங்க,” என்றார்.

செத்தவருக்கு எதற்கம்மா கட்டு என்றேன்.

“அவரு செத்து ஆறு ஏழு கோடி வருஷம் ஆவுது. இப்பதான் மண்ணை விட்டு வெளியில வராரு. கட்டு போடாம தூக்குனா தூளாயிடுவாரு.”

மூச்சு விடாமல், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் சொன்னார். வரிசையில் நின்றவர்கள் கால்வலியை மறந்து அவரையே பார்த்தார்கள். எனக்கு மட்டும் அன்று காலை முதன்முறையாகச் சிரிப்பு வந்தது.

அவர் தொழில் டைனோசர் எலும்பு தேடுவது. எங்கள் கடைக்குப் பின்சந்தில் ஒரு மாடி போர்ஷனை வாடகைக்குப் பிடித்திருந்தார். பாறையையும் மண்ணையும் ஆராயும் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேலைக்காலம் முழுக்க பெரம்பலூர், அரியலூர் பக்கத்து ஓடைகளில் கழிந்திருக்கிறது. ஒரு காலத்தில் அங்கெல்லாம் கடல் இருந்ததாம். அதன் கரையில் செத்த மிருகங்களின் எலும்பு வெள்ளத்தில் வந்து சேற்றில் புதைந்து கல்லாகிக் கிடக்குமாம். கல்யாணம் ஆனவரா ஆகாதவரா என்பதை என் மனைவியாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், அவர் எப்படிப்பட்ட ஆள் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். தெருவில் எல்லோருக்கும் அவர் ‘கல்லு மேடம்’. போர்ஷனைக் காலி செய்துகொண்டு போய்ச் சில வருஷம் ஆகிறது. ஆனாலும் யாராவது ஒரு கூழாங்கல்லைக் கையில் எடுத்தால் எனக்கு அவர் நாக்குதான் ஞாபகத்துக்கு வரும்.

ஆமாம், நாக்கு. எந்தக் கல்லைக் கொடுத்தாலும் முதலில் புடவைத் தலைப்பில் துடைப்பார். திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு கொஞ்சமும் கூச்சமில்லாமல் நாக்கை நீட்டி அதன்மேல் வைப்பார். எலும்பு கல்லாகிப் போனாலும் அதற்குள் கண்ணுக்குத் தெரியாத துளைகள் இருக்குமாம். அவை நாக்கின் ஈரத்தை உறிஞ்சி லேசாகப் பிடித்துக்கொள்ளுமாம். வெறும் கல்லென்றால் வழுக்கிவிடும். சோதனை முடிந்ததும் கல்லைத் திருப்பிக் கொடுத்து, “இப்போதைக்கு கல்லு,” என்பார். அந்த ‘இப்போதைக்கு’ இல்லாமல் அவர் எதையும் சொன்னதில்லை. என் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் எப்படி என்று என் மனைவி கேட்டதற்குக்கூட, “இப்போதைக்கு நல்லவங்க,” என்றுதான் சொன்னார்.

ஒரு தடவை கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயி ஒருவர், கொல்லையில் வரப்பைச் சரி செய்யும்போது கிடைத்தது என்று முட்டை வடிவத்தில் கருப்பாக ஒரு கல்லைத் துண்டில் சுற்றிக்கொண்டு என் கடைக்கே வந்துவிட்டார். மேடம் வழக்கம்போல் துடைத்தார், நாக்கை வைத்தார். அப்படியே கண்ணை மூடிக்கொண்டார். பத்து பேர் கூடிவிட்டோம். டைனோசர் முட்டையேதான் என்று நான் மனசுக்குள் முடிவே கட்டிவிட்டேன். அவர் கண்ணைத் திறந்து, “ஐயா, இதுல நல்லெண்ணெய் ருசி இருக்குதே,” என்றார். விவசாயிக்கு வியர்த்துவிட்டது. வேப்பமரத்தடியில், பக்கத்துக் கொல்லைக்காரர் குடும்பம் தலைமுறையாக எண்ணெய் தடவிக் கும்பிட்டுவந்த சாமி அது. மழையில் உருண்டு இவர் வரப்புக்கு வந்திருக்கிறது. மேடம் இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டார். கல்லைத் திரும்ப அதே துண்டில் சுற்றி, என் கடையில் இருந்து கற்பூரம் ஒரு பாக்கெட் வாங்கி அதன்மேல் வைத்து, அந்த வேப்பமரத்தடியிலேயே கொண்டுபோய் வைக்கச் சொன்னார். அன்று அவர் ‘இப்போதைக்கு’ என்று சொல்லவில்லையே என்று பிறகு கேட்டேன். சாமி விஷயத்தில் தனக்கு அதிகாரம் கிடையாது என்றார்.

இன்னொருவன் ஆசிரமத்துப் பக்கம் பாசிமணி, ருத்ராட்சம் விற்பவன். ஆற்றில் பொறுக்கிய உருண்டைக் கற்களைத் தட்டில் அடுக்கி, வெள்ளைக்காரர்களிடம் டைனோசர் முட்டை என்று விற்றுக்கொண்டிருந்தான். மேடத்திடம் ஒரு வார்த்தை வாங்கிவிட்டால் வியாபாரம் ஓகோவென்று போகும் என்று நினைத்தான். அவர் ஒவ்வொன்றாக நக்கிப் பார்த்து, இப்போதைக்குக் கல் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவன் சளைத்தவனா? மறுநாளில் இருந்து, பெரிய விஞ்ஞானி அம்மாவே இப்போதைக்குத்தான் கல் என்று சொல்லியிருக்கிறார், பிற்பாடு முட்டையாகிவிடும் என்று சொல்லி விற்க ஆரம்பித்தான். மேடத்திடம் போய்ச் சொன்னேன். அவன் சொல்வதில் பொய் ஒன்றும் இல்லையே என்று சிரித்தார்.

எலும்பு கிடைக்கும் ஊரை விட்டுவிட்டு இங்கே எதற்கு வந்தீர்கள் என்று ஒருநாள் கேட்டேன். மலையைக் காட்டினார். எல்லோரையும் போல ஏதோ பக்தியாகச் சொல்லப் போகிறார் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

“இந்த மலை பொறந்தப்ப எலும்புன்னு ஒண்ணு உலகத்துலயே இல்ல தம்பி. இங்க எந்தக் கல்லையும் நான் சந்தேகப்பட வேணாம். கண்ணுக்கு ரெஸ்ட்டு,” என்றார்.

அவர் கண் அப்படிப்பட்டதுதான். பிறந்தது கீழ்பென்னாத்தூரை ஒட்டிய கிராமத்தில், மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் குடும்பம். செடியைப் பிடுங்கி முடித்த கொல்லையில் விட்டுப்போன காய்களைப் பொறுக்கப் போவார்களே, அதில் சின்ன வயதிலேயே அவரை மிஞ்ச ஆளில்லையாம். வெறும் மண்ணைக் கிளறினால் முதுகுதான் வலிக்கும். ஒரு மழை பெய்யட்டும், மண் இறங்கிக் காய் தானாக மேலே தெரியும் என்பார். எலும்பு தேடுவதற்கும் அதே கணக்குத்தான். மழை வருகிறது என்றால் ஊரே உள்ளே ஓடும். அவர் மட்டும் ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்புவாராம்.

அந்த நாக்குக்கும் ‘இப்போதைக்கு’க்கும் பின்னால் ஒரு கதை இருந்தது. அதை அவரே, பக்கத்து வீட்டுக்காரர் விழுந்த கதையைச் சொல்வது போல அவ்வளவு உற்சாகமாகச் சொல்வார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஓர் ஓடையில் ஆள் நீளத்துக்கு ஒரு துண்டைக் கண்டுபிடித்தார். நிறமும் வடிவமும் தொடை எலும்பு போலவே இருந்தன. மேலதிகாரிகள் ஜீப்பில் வந்து இறங்கினார்கள். பத்திரிகைக்காரர்கள் கேமராவோடு வந்தார்கள். நாக்கை வைத்துப் பார்ப்பது ஒன்றுதான் பாக்கி.

“சுத்தி அத்தனை ஆம்பளைங்க. நான் ஒருத்திதான் பொம்பளை. அங்க நாக்கை நீட்ட வெக்கமா இருந்துச்சி. டைனோசர்தான்னு சொல்லிட்டேன்.”

மறுநாள் பேப்பரில் போட்டோ வந்தது. கிராமத்தில் அவருடைய அண்ணன் பெயிண்டரைக் கூப்பிட்டு, வீட்டுச் சுவர் முழுக்கக் கழுத்து நீண்ட ஒரு டைனோசரை வரையச் சொல்லிவிட்டார். ஆராய்ச்சி முடிவு வந்தபோது அது எலும்பே இல்லை, கல்லாகிப் போன மரம். பேப்பர்காரர்கள் மறந்துவிட்டார்கள். அண்ணன் சுவரை அழிக்கவில்லை. பெயிண்டு நல்ல பெயிண்டு, எதற்கு வீணாக்குவது என்றாராம். அன்றிலிருந்து அந்த மினி பஸ் நிறுத்தத்துக்கே ‘டைனோசர் வீடு’ என்று பேராகிவிட்டது. ஒவ்வொரு பொங்கலுக்கும் கண்டக்டர் அந்தப் பேரைச் சொல்லிக் கூவ, மேடம் தலை நிமிர்ந்து இறங்குவார். அன்றைக்கு ஒரு நிமிஷம் நாக்கை உள்ளே வைத்ததற்கு ஆயுசு முழுக்க வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறேன் என்பார்.

சிரித்துக்கொண்டே சொன்னாலும் அது அவரை உள்ளே அறுத்துக்கொண்டுதான் இருந்தது. வேலைக்காலம் முழுக்கச் சிப்பி கிடைத்தது, சங்கு கிடைத்தது, சுருள் சுருளாகக் கடல் ஓடுகள் கிடைத்தன. டைனோசர் என்று அடித்துச் சொல்ல ஒரு விரல் எலும்புகூடக் கிடைக்கவில்லை. கண்ணை மூடுவதற்குள் ஒன்று, ஒன்றே ஒன்று வேண்டும் என்று என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்.

என்னிடம் அன்று வாங்கிப்போன மாவுக்கட்டுத் துணியெல்லாம் போய்ச் சேர்ந்தது அந்த ஒன்றின் மேல்தான். பெரம்பலூர்ப் பக்கம் ஓடைக்கரை ஒன்றில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முனை தெரிந்திருக்கிறது. மழை வேறு பிடித்துக்கொண்டது. நனைந்த எலும்பு நாக்கில் ஒட்டாது. அதனால் அங்கே சோதித்துப் பார்க்க வழியில்லை. சுற்றியிருந்த மண்ணோடு அப்படியே பெயர்த்து, ஈரக் காகிதம் சுற்றி, மேலே கட்டுப் போட்டு, வேன் பிடித்துக் கொண்டுவந்துவிட்டார். தலையணை அளவுக்கு வெள்ளையாக ஒரு மூட்டை. தோண்டி எடுக்க அனுமதி வாங்கிக் கொடுத்திருந்த ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்காரர்கள், பிரித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள் என்று போன் செய்துகொண்டே இருந்தார்கள். மேடம் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டார்.

வருஷங்கள் போயின. மூட்டையின் மேல் தெருப்பூனை படுத்துத் தூங்கியது. எண்ணெய்ச் சாமியைக்கூட நக்கிப் பார்த்த அந்த அம்மாள், தன் சொந்த மூட்டையைப் பிரிக்கவில்லை. காய்ந்து முடியட்டும் என்பார், நல்ல உளி வரவேண்டும் என்பார். மழை வந்தாலும் ஷூவை மாட்டுவதில்லை. என்னிடம் இருமல் மருந்து வாங்கினார், சர்க்கரை மாத்திரை வாங்கினார், மாவுக்கட்டுத் துணி மட்டும் அதன்பிறகு வாங்கவே இல்லை. நம்ம பேஷண்ட் எப்படியிருக்கிறார் என்று நான் கேட்பேன். தூங்குகிறார் என்பார். அதோடு பேச்சு மாறிவிடும்.

அப்புறம் நான் விழுந்தேன். மேல்தட்டில் இருந்து குளுக்கோஸ் பாக்கெட் எடுக்க ஸ்டூலில் ஏறியவன், ஸ்டூலோடு சாய்ந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டேன். வேங்கிக்கால் பக்கத்தில் ஒரு எலும்பு டாக்டர் மாவுக்கட்டுப் போட்டார். பிரிக்க வேண்டிய நாள் வந்தது. நான் போகவில்லை. அஷ்டமி என்றேன், கடையில் ஆளில்லை என்றேன். உண்மையில் எனக்கு பயம். என் பெரியப்பாவுக்குக் கட்டுப் பிரித்தபோது கை கோணலாக நின்றதைப் பார்த்தவன் நான். ஊருக்கெல்லாம் மருந்து கொடுப்பவன் தன் கைக்கு மட்டும் பயந்து கிடந்தேன்.

மேடத்துக்கு விஷயம் தெரிந்ததும் நேரே கடைக்குள் ஏறி வந்தார்.

“உள்ள கோணலா இருந்தா கட்டோட இருந்தாலும் கோணல்தான் தம்பி. பிரிச்சாத்தான அடுத்த வேலையப் பாக்க முடியும்? எழுந்திருங்க.”

ஆட்டோவில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார். கட்டுப் பிரிப்பவர் அதிரும் சின்ன ரம்பத்தால் கீறிப் பிளந்து எடுத்தார். கை வெளிறிப்போய், நாற்றமடித்துக்கொண்டு, ஆனால் நேராக இருந்தது. விரல்களை மடக்கிப் பார்த்தேன், மடங்கின. திரும்பி வரும்போது சந்தோஷம் தாங்காமல் என் வாய் சும்மா இருக்கவில்லை. அப்படியே நம்ம பேஷண்டுக்கும் பிரித்துவிட வேண்டியதுதானே மேடம் என்றேன்.

சிரிப்பார் என்று நினைத்தேன். வழியெல்லாம் மலையைப் பார்த்துக்கொண்டே வந்தார். சந்து முனையில் ஆட்டோ நின்றதும், இறங்காமல், என்னைப் பார்க்காமல் பேசினார்.

“அது மரமா இருந்தா அவ்வளவுதான். இனிமே ஓடையில எறங்க எனக்கு முட்டி இல்ல. மூடியே இருந்தா, இப்போதைக்கு எலும்புன்னு நெனச்சிக்கலாம் இல்ல?”

மடங்க ஆரம்பித்திருந்த என் விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவரும் அவற்றைப் பார்த்தார். பிறகு, அந்த ரம்பக்காரர் ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருவாரா என்று கேட்டார்.

வந்தார். மாடியில் பழைய போர்வையை விரித்து மூட்டையை நடுவில் வைத்தோம். பூனை கோபித்துக்கொண்டு வெளியேறியது. ரம்பக்காரர், இந்த பேஷண்ட் ரொம்ப நல்லவர், மனுஷனாக இருந்தால் இந்நேரம் அலறியிருப்பான் என்று சொல்லிக்கொண்டே சுற்றிக் கீறினார். மேல் ஓடு சட்டியின் மூடி போலத் தனியாக வந்தது. காய்ந்த காகிதத்தை உரித்தார் மேடம். பிறகு பிரஷ்ஷால் மண்ணைத் தள்ளத் தொடங்கினார். என் மனைவி கொண்டுவந்த காபி ஆறிப்போனது. மண் விலக விலக, முழங்கை நீளத்துக்குப் பழுப்பாக ஒன்று தெரிந்தது. எலும்பு போலவும் இருந்தது. மரம் போலவும் இருந்தது.

மேடம் குனிந்தார். நிமிர்ந்தார். மறுபடி குனிந்து, மறுபடி நிமிர்ந்தார். நாக்கு வெளியே வரவில்லை.

“நீங்க வைங்க தம்பி. எனக்கு ஆசை இருக்குது. ஆசை இருக்கற நாக்கு ஒட்டாததையும் ஒட்டுதுன்னு சொல்லும்.”

ரம்பக்காரர் தான் இப்போதுதான் வெற்றிலை போட்டதாகச் சொன்னார். காலையில் என் கண்ணெதிரே இட்லி சாப்பிட்ட என் மனைவி, தனக்கு விரதம் என்றாள். வேறு வழியில்லை. மண்டியிட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு நாக்கை வைத்தேன். மண் ருசி. ஒன்றும் நடக்கவில்லை. எடுத்துவிடலாம் என்று நாக்கை இழுத்தேன். வரவில்லை. லேசாக, ஆனால் நிச்சயமாக அது என்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் இழுத்த பிறகுதான் விட்டது.

ஆஸ்பத்திரி வாசலில் இருந்து சீட்டோடு என் கடைக்கு ஓடிவருபவர்களின் முகம் எனக்குப் பழக்கம். மேடத்தின் முகம் அப்படித்தான் இருந்தது. ஒட்டுகிறது என்று சொன்னேன். அவர் பொத்தென்று தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தானே நாக்கை வைத்துப் பார்த்தார். எடுக்க மனமில்லாமல் வெகுநேரம் வைத்திருந்தார். நிமிர்ந்தபோது மூக்கில் மண், கண்ணில் தண்ணீர்.

“இப்போதைக்கு எலும்பு,” என்றார்.

அந்த ஓடைப் பக்கம் கடல் பிராணிகளின் எலும்பும் கிடைக்குமாம். இது எதனுடையது என்று அவர்களே ஒப்பிட்டுச் சொல்லட்டும் என்று கல்லூரிக்காரர்களை வரவழைத்துக் கொடுத்துவிட்டார். மாதங்கள் ஓடின. மேடத்திடம் நானாகக் கேட்கவில்லை. என் மனைவி மட்டும் மலையைப் பார்த்தபோதெல்லாம், பேசாமல் ஒரு கும்பிடு கூடுதலாகப் போட்டுவந்தாள்.

மறுபடி ஒரு பௌர்ணமிக்கு மறுநாள். கடை வாசலில் நொண்டிக்கொண்டு ஒரு கூட்டம். என் முகம் வழக்கப்படி கடுகடுவென்றிருந்தது. வரிசையில் ஐந்தாறு பேருக்குப் பின்னால் மேடம், காலில் கான்வாஸ் ஷூவோடு நின்றுகொண்டிருந்தார். முன்னால் வாருங்கள் என்று கூப்பிட்டும் வரவில்லை. முறை வந்ததும் முழங்கால் பட்டை ஒரு ஜோடி கேட்டார். எடுத்து வைத்தேன். மாவுக்கட்டுத் துணி பெரிய அகலத்தில் இருக்கிற ரோல் எல்லாம் வேண்டும் என்றார். என் கை நின்றுவிட்டது.

“காலேஜ்ல இருந்து போன் வந்துச்சி. டைனோசர். கால் எலும்பு.”

நான் காத்துக்கொண்டிருந்தேன். அந்த ‘இப்போதைக்கு’ வரவேயில்லை. கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு, கூட்டத்துக்கு நடுவே, எனக்கு வெட்கமில்லாமல் அழுகை வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அதான் கிடைத்துவிட்டதே மேடம், இனி இவ்வளவு ரோல் எதற்கு என்று கேட்டேன்.

அவர் முழங்கால் பட்டையை அங்கேயே இழுத்துப் பார்த்து அளவு சரிபார்த்துக்கொண்டிருந்தார்.

“ஒத்தக் கால்ல நடந்திருக்காது இல்ல?” என்றார்.